கையெழுத்து செல்லாத வேலை

பெண்ணுக்கு எந்தக் கதவு அடைபட்டாலும் நம் சமூகம் கைவசம் வைத்திருக்கும் மருந்து ஒன்றுதான்: ‘இன்னும் கொஞ்சம் படி.’ ஏ.என்.எம். படித்தவளிடம் ஜி.என்.எம். படி என்றார்கள். ஜி.என்.எம். முடித்தவளிடம் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படி என்றார்கள். பி.எஸ்சி. நர்சிங் முடித்தவளிடம் எம்.எஸ்சி. இருந்தால்தான் மரியாதை என்றார்கள். இப்போது புதிதாக ஒரு படி வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் நர்ஸ் பிராக்டிஷனர்.

அந்தப் படியில் நான் ஏறப்போவதில்லை. விண்ணப்பத்தைப் பாதி நிரப்பி நிறுத்திவிட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கூடுதல் பயிற்சி பெற்று, நோயாளியைத் தானே பரிசோதித்து, நோய் இன்னதென்று முடிவுசெய்து, வரையறுக்கப்பட்ட மருந்துகளைத் தன் பெயரிலேயே எழுதிக்கொடுக்கும் செவிலியர்தான் நர்ஸ் பிராக்டிஷனர். 1965-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து இந்தப் பயிற்சியைத் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் 2006 முதல், தகுதிபெற்ற செவிலியர்கள் பெரும்பாலான மருந்துகளைத் தாமே எழுதுகிறார்கள். இந்திய செவிலியர் கவுன்சில் தீவிர சிகிச்சைக்கென்று இரண்டு ஆண்டுப் படிப்பைக் கொண்டுவந்தது. 2017-இன் தேசிய சுகாதாரக் கொள்கை, நர்ஸ் பிராக்டிஷனர் என்ற தனிப் பணிப்பிரிவு வேண்டும் என்று எழுதியது. 2018-இல் மத்திய சுகாதார அமைச்சகம் பேறுகாலப் பராமரிப்புக்கு 18 மாதப் பயிற்சியை அறிவித்தது. ஆக, காகிதத்தில் குறையே இல்லை.

சாத்தூர்ப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கிறேன். அம்மா தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கியும், வீட்டில் பெட்டி ஒட்டியும் என்னை பி.எஸ்சி. நர்சிங் படிக்க வைத்தவர். இந்தப் படிப்பைப் பற்றிச் சொன்னதும், “இன்னும் எத்தனை வருசம்மா படிப்ப?” என்றுதான் கேட்டார். மாமியார் பிள்ளையை யார் பார்ப்பது என்றார். தம்பி, “பேசாம சவுதிக்குப் போயிருக்கா” என்றான். கூட வேலை பார்க்கும் டாக்டர், “நல்ல கோர்ஸ் சிஸ்டர், சேருங்க” என்றார். நாலு பேர் நாலு விதமாகச் சொன்னாலும், படித்து முடித்தால் என் கையெழுத்து செல்லுமா என்று யாருமே கேட்கவில்லை.

இரவில் எங்கள் நிலையத்தில் டாக்டர் இருப்பதில்லை. இதை அவர்மேல் குற்றமாகச் சொல்லவில்லை, ஏற்பாடே அப்படித்தான். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களை முறைவைத்து அமர்த்தி, 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க வைத்தது தமிழ்நாடு பெருமையோடு சொல்லிக்கொள்ளும் சாதனைகளில் ஒன்று. குழந்தை பிறந்தபின் உதிரப்போக்கு நிற்கவில்லையென்றால், கருப்பையைத் தேய்த்து இறுகவைத்து, ஆக்சிடோசின் ஏற்றி, இனியும் பொறுக்கலாமா, இப்போதே 108-இல் ஏற்ற வேண்டுமா என்று தீர்மானிப்பவள் செவிலியர்.

எங்கள் ஊரில் இன்னொன்றும் உண்டு. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி, 2021 பிப்ரவரியில் அச்சங்குளம் என்று, பட்டாசு ஆபீஸ்கள் வெடித்த ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகலாம். அச்சங்குளத்தில் மட்டும் 20 பேருக்கும் மேல் செத்தார்கள். செய்தியில் வராத சின்னத் தீ விபத்துகள் தனிக்கணக்கு. வெந்துபோய் வருகிற பெண்ணின் குரல் கம்மியிருந்தால், மூக்குமயிர் பொசுங்கியிருந்தால், மூச்சுக்குழல் வீங்கப்போகிறது என்று அர்த்தம். உடம்பில் எவ்வளவு வெந்திருக்கிறது என்று கணக்கிட்டு, ஊசி குத்த நரம்பு தேடி, சலைன் ஏற்றி, சிவகாசியா, விருதுநகரா, மதுரையா என்று முடிவெடுக்க வேண்டும். போனில் டாக்டரிடம் சொன்னால், “சரி, அப்படியே செய்ங்க சிஸ்டர்” என்பார். கேஸ் ஷீட்டில் ‘டாக்டர் சொன்னபடி’ என்று எழுதுவேன். மறுநாள் அவர் கையெழுத்துப் போடுவார். தீர்மானித்தது நான், ஆவணத்தில் இருப்பது அவர்.

பேனா நிப்புக்குப் பேர்போன ஊர் சாத்தூர். எங்கெங்கோ இருந்தவர்கள் கையெழுத்துப் போட எங்கள் ஊர் நிப்பு செய்து அனுப்பியிருக்கிறது. இந்த ஊர்ப் பெண்ணின் கையெழுத்து எங்கே செல்லும் தெரியுமா? குழுக்கடனுக்குச் செல்லும். அதற்கு வீடு தேடி வந்து வாங்கிப்போகிறார்கள். கடன்பட நம் கையெழுத்து போதும். தினம் தினம் கொடுக்கும் அதே மாத்திரையை எழுதிக்கொடுக்க அது போதாது.

பழி என்று வரும்போது மட்டும் கணக்கு மாறும். 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது நாடு முழுக்கத் தெரிந்த கொடுமை. அந்தத் தவறுக்கு யாரும் சமாதானம் சொல்ல முடியாது. ஆனால் நடவடிக்கை முதலில் யார்மேல் பாய்ந்தது? ஆய்வக நுட்புநர்கள்மேல். அதிகாரம் மேலே இருந்து கீழே இறங்கவே இறங்காது, பொறுப்பு மட்டும் தண்ணீர் மாதிரி கீழே ஓடிவந்துவிடும். மருத்துவமனையில் கீழே நிற்பவர்களில் பெரும்பகுதி பெண்கள்.

‘படித்து முடியுங்கள், சட்டம் தானாக வரும்’ என்கிறார்கள். தானாக வருமா? 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் போட்டித் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான செவிலியர்களை எடுத்தது. மாதம் 7,700 ரூபாய், இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்று நம்பித்தான் சேர்ந்தார்கள். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. கொரோனா காலத்தில் தற்காலிகமாக எடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களை 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். கைதட்டல் நமக்கு நிறையவே கிடைத்தது, ஆணைதான் கிடைக்கவில்லை.

மருத்துவர் சங்கங்களின் வாதம் பாதுகாப்பு. தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019-இல் சமுதாய சுகாதாரப் பணியாளர்களுக்கு வரம்புக்குட்பட்ட உரிமம் தரலாம் என்றபோது, அது போலி வைத்தியத்துக்குச் சட்ட அங்கீகாரம் என்று இந்திய மருத்துவச் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. முதல்நிலைச் சிகிச்சையில் மருத்துவருக்குப் பதிலாகச் செவிலியர் பார்த்தால் என்ன ஆகும் என்று 18 பரிசோதனைகளை அலசிய காக்ரேன் ஆய்வு 2018-இல் வந்தது. பயிற்சி பெற்ற செவிலியரிடம் நோயாளிகளின் நிலை குறையவில்லை, சிலவற்றில் மேம்பட்டது என்றது அது. அந்தப் பரிசோதனைகள் பெரும்பாலும் பணக்கார நாடுகளில் நடந்தவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வேறொரு கேள்வியும் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு நான் முடிவெடுக்கையில் வராத பாதுகாப்புக் கவலை, அந்த முடிவின் கீழ் நான் பெயர் எழுதும்போது மட்டும் ஏன் வருகிறது?

பெண்ணியத் தோழிகள் கேட்கும் கேள்விதான் எனக்கு உறைக்கிறது: ‘பணக்காரிக்கு டாக்டர், பட்டாசு ஆபீஸ்காரிக்கு நர்ஸா?’ டாக்டர் பணியிடத்தைக் காலியாக விட்டுவிட்டு, குறைந்த கூலிக்கு ஒரு பெண்ணை நிறுத்துவதற்குப் பெயர் நர்ஸ் பிராக்டிஷனர் என்றால், நானும் எதிர்ப்பேன். நான் கேட்பது டாக்டரின் இடத்தை அல்ல. இப்போது நான் நிற்கும் இடத்துக்குச் சட்டத்தில் ஒரு பெயர், அந்தப் பெயருக்கு ஒரு சம்பளம்.

தொகுப்பூதியக்காரி இரண்டு வருடம் படிக்கப் போனால் இருக்கிற வேலை போகும். திரும்பி வந்தால் நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பணியிடம் நான் பார்த்த எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இல்லை. தீவிர சிகிச்சைப் பட்டத்தோடு பெருநகரத்துத் தனியார் மருத்துவமனைக்குப் போகலாம். அங்கே ஜூனியர் டாக்டரின் வேலையை நர்ஸ் சம்பளத்தில் செய்யலாம். சாத்தூருக்கு அதனால் ஒரு மாத்திரைகூடக் கூடுதலாக வராது.

நர்சிங் படிக்கும் தங்கைகளே, உங்களைப் படிக்காதீர்கள் என்று சொல்ல நான் யார்? சேர்வதாக இருந்தால் கட்டணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். என் பெயரில் நான் எழுதக்கூடிய மருந்துகளின் பட்டியல் எந்தச் சட்டத்தில் இருக்கிறது? மருத்துவமனை தானே வகுத்துக்கொண்ட நெறிமுறையைக் காட்டினால் ஏற்காதீர்கள், அது அந்த மருத்துவமனை வாசலோடு முடிந்துபோகும். இந்தப் பட்டத்துக்கான பணியிடமும் சம்பள விகிதமும் எந்த அரசாணையில் இருக்கிறது? நெறிப்படி நடந்தும் ஓர் உயிர் போனால் என்னைக் காக்கும் விதி எது?

1947-இன் செவிலியர் சட்டத்துக்கு மாற்றாக 2023-இல் தேசிய செவிலியர் மற்றும் பேறுகாலப் பணி ஆணையச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. அந்த ஆணையத்திடமும் தமிழ்நாடு அரசிடமும் இதே மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்கப்போகிறேன். நான் நிரப்பும் விண்ணப்பம் இந்த ஆண்டு அதுதான். கீழே என் கையெழுத்தோடு எங்கள் வட்டாரச் செவிலியர்களின் கையெழுத்துகளும் இருக்கும். பதில் ஆணையாக வரும் நாளில், கல்லூரி வாசலில் முதல் ஆளாக நிற்பேன்.