முதுமைக்கும் பணி உண்டு

84 வயதான கைம்பெண் அன்னா, கோவிலில் குழந்தை இயேசுவைக் கண்டு மகிழ்ந்ததோடு நின்றுவிடவில்லை. அக்குழந்தையைப் பற்றிப் பிறருக்கும் எடுத்துரைத்தார் என்கிறது லூக்கா நற்செய்தி.

திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் ஏற்படுத்திய தாத்தா பாட்டியர், முதியோர் உலக நாள் யூலை நான்காம் ஞாயிறன்று வருகின்றது. அன்று முதியோருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம், மறுநாள் மறந்துவிடுகிறோம். அவர்கள் வேண்டுவது பொன்னாடையன்று, பணி.

தாய் வெளிநாட்டில் உழைக்க, தந்தை கடலுக்குச் செல்ல, பாடம் சொல்லிக்கொடுக்க ஆளின்றித் தவிக்கும் சிறுவர் நம் பங்குகளில் உளர். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வாரத்தில் இரு மாலைகள் பங்கு மண்டபத்தில், பெற்றோர் அறிய, அவர்களோடு அமர்ந்து வாசிக்கலாம். எழுத்தறியாத பாட்டியும் கைக்குழந்தையுடன் தனித்திருக்கும் இளந்தாய்க்குத் துணையாகலாம்.

பெரியோரே, அழைப்புக்காகக் காத்திராதீர்கள். அருட்பணிச் சபையினரே, அழைக்கத் தயங்காதீர்கள்.