மின் கட்டணத்தின் வழியே நுழையும் வட்டி

வட்டிக் கடனில் வீடு வாங்க மனம் ஒப்பாமல், பல்லாண்டுகள் வாடகை வீட்டிலேயே காலம் கழிக்கும் குடும்பங்கள் பிரிட்டனில் வாழும் தமிழ் முஸ்லிம்களிடையே உள்ளன. கடன் அட்டையைத் தொடாதவர்களும், சேமிப்புக் கணக்கில் வந்து சேரும் வட்டியைத் தனியே பிரித்து அகற்றிவிடுபவர்களும் நம்மிடையே உள்ளனர். இத்தனை பேணுதல் உள்ள வீடுகளிலும் ஒரு சிறிய வாசல் திறந்தே கிடக்கிறது. மாதந்தோறும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே கழிந்துவிடும் மின்சார, எரிவாயுக் கட்டணமே அந்த வாசல்.

தமிழ்நாட்டில் கணக்கெடுப்பவர் இரண்டு மாதத்திற்கு ஒருமுறை வந்து மீட்டரைப் பார்ப்பார். பயன்படுத்தியதற்குப் பிறகே பணம் கட்டுவோம். அந்தப் பழக்கத்தோடு வந்தவர்களுக்கு பிரிட்டனின் டைரக்ட் டெபிட் முறை புதியது. அடுத்த ஓராண்டில் இந்த வீடு எவ்வளவு செலவழிக்கும் என்று நிறுவனமே மதிப்பிடும். அதைப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் ஒரே தொகையை நம் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். கோடையில் மிஞ்சும் பணம் குளிர்காலத்தில் ஈடாகும். இந்த ஏற்பாட்டில் தவறில்லை. சனவரி மாதத்தின் சூடேற்றும் செலவை ஒரே அடியாகத் தாங்கும் துன்பம் இதனால் குறைகிறது. பில் வந்தபின் கட்டுவதைவிட விலையும் சற்றுக் குறைவு. மதிப்பீடு மிகையாகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு குடும்பத்தின் உண்மையான ஆண்டுச் செலவு 1,800 பவுண்டு. அதாவது மாதம் 150. நிறுவனமோ மாதம் 210 பவுண்டு எடுக்கிறது. ஓராண்டில் அந்தக் குடும்பத்தின் 720 பவுண்டு நிறுவனத்தின் கையில் முடங்கிவிடும். இதற்கிடையே, வாடகையும் பள்ளிச் செலவும் போன மாதக் கடைசியில் அதே குடும்பத்தின் வங்கிக் கணக்கு சுழியத்திற்குக் கீழே இறங்குகிறது. வங்கி அதை ஓவர்டிராஃப்ட் என்று பெயரிட்டு வட்டி போடுகிறது. பல பெரிய வங்கிகளில் அந்த வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 40 விழுக்காடு. நம் பணம் வட்டியின்றி ஓரிடத்தில் உறங்க, அந்தப் பணம் இல்லாத குறைக்கு நாம் வேறோரிடத்தில் வட்டி கட்டுகிறோம். தொகை சில பவுண்டுகளாக இருக்கலாம். ஆனால் நாம் வட்டியைத் தவிர்த்தது தொகை பெரிதென்பதற்காக அன்றே!

இது வெறும் கற்பனைக் கவலையும் அன்று. ஆஃப்ஜெம் என்னும் ஒழுங்குமுறை அமைப்பு கணக்கிட்ட சராசரிக் குடும்பத்தின் ஆண்டுக் கட்டணம், 2021 அக்டோபரில் 1,277 பவுண்டாக இருந்தது. 2022 ஏப்ரலில் அது 1,971 ஆயிற்று. அவ்வாண்டு அக்டோபரில் அரசு தலையிட்டுத் தாங்கிப் பிடித்த பின்னரும் 2,500 ஆக நின்றது. அந்த அச்சத்தில் மாதத் தொகைகள் கண்மண் தெரியாமல் உயர்த்தப்பட்டன. 2022ஆம் ஆண்டு அந்த அமைப்பே நடத்திய ஆய்வில், ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் மாதத் தொகை இரு மடங்கிற்கும் மேல் உயர்ந்திருந்தது தெரியவந்தது. அவற்றை மறுபடியும் ஆராயுமாறு நிறுவனங்கள் பணிக்கப்பட்டன.

வாடிக்கையாளர் முன்கூட்டிச் செலுத்திய பணத்தைச் சில நிறுவனங்கள் தம் தொழிலை நடத்தும் முதலாகவே பயன்படுத்தின. 2021இன் பிற்பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் வீழ்ந்தன. வாடிக்கையாளரின் இருப்பு காப்பாற்றப்பட்டது. ஆனால் அதற்கான செலவு நாட்டிலுள்ள எல்லாக் குடும்பங்களின் கட்டணத்திலும் ஏற்றப்பட்டது. ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தை அவர் தம் முதலாகக் கருதினால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

இவ்வளவு இருந்தும் நம்மவர் பலர் கேட்பதில்லை. "இதற்குப் போய் வாதாடுவதா? பொறுமையாக இருப்போம்" என்கிறார்கள். பொறுமை என்பது நம் கையில் இல்லாத சோதனையைத் தாங்குவது. கேட்டால் கிடைக்கும் உரிமையைக் கேளாமல் விடுவதற்குப் பொறுமை என்று பெயரில்லை. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். அது பேசுவது கடனை எழுதி வைப்பதைப் பற்றி. கொடுக்கல் வாங்கலில் கணக்குப் பார்ப்பது உலகாசை என்றால், அதற்கு இத்தனை நீண்ட வழிகாட்டல் எதற்கு?

எனவே முதற்கடமை கணக்கு. மாதத்தின் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு மீட்டர் எண்ணை எழுதி, நிறுவனத்திற்கும் அனுப்ப வேண்டும். ஸ்மார்ட் மீட்டர் இருந்தாலும், பில்லில் உள்ள எண் உண்மையானதா, மதிப்பீடா என்று பார்க்க வேண்டும். பிறகு ஆண்டுப் பயன்பாட்டு அலகுகளை அலகு விலையால் பெருக்கி, நாள்தோறும் விதிக்கப்படும் நிலையான கட்டணத்தை 365ஆல் பெருக்கிக் கூட்டி, பன்னிரண்டால் வகுத்தால் நியாயமான மாதத் தொகை கிடைத்துவிடும். புதிய வகை எரிவாயு மீட்டர் கன மீட்டரில் காட்டும். ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 11 அலகு.

இருப்பை எப்போது பார்ப்பது என்பதும் முக்கியம். செப்டம்பரில் நம் பெயரில் பணம் மிஞ்சியிருப்பது இயல்பு. குளிர்காலம் அதைத் தின்றுவிடும். ஏப்ரல், மே மாதங்களில் இருப்பு சுழியத்தை ஒட்டி வந்திருக்க வேண்டும். அப்போதும் சில நூறு பவுண்டுகள் மிஞ்சினால் மாதத் தொகை மிகை என்று பொருள். அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். தக்க காரணமின்றி நிறுவனம் மறுக்க முடியாது. தொகையைக் கிடைத்த தகவல்களில் மிகச் சரியானதை வைத்தே நிர்ணயிக்க வேண்டும், அதை விளக்கவும் வேண்டும் என்பது அவர்களது உரிமத்தின் விதி. எழுத்தில் புகார் அளித்து எட்டு வாரங்களில் தீர்வு கிட்டாவிட்டால், எரிசக்திக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். நிறுவனத்தின் தவறால் பில் வராமல் போன பயன்பாட்டிற்கு, பன்னிரண்டு மாதங்களுக்கு முற்பட்டதாயின் கட்டணம் கேட்க முடியாது. கோபத்தில் டைரக்ட் டெபிட்டை நிறுத்திவிடுவது மட்டும் அறிவுடைமை ஆகாது. கடன் ஏறும், விலையும் கூடும். மாதம் பயன்படுத்திய அளவுக்கு மட்டும் எடுக்கும் முறை சில நிறுவனங்களில் உண்டு. அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

நீதி இருபுறமும் ஓடும். கணக்குப் பார்த்தபின் நாமே குறைவாகக் கட்டியிருப்பது தெரிந்தால், அது நம்மீதுள்ள கடன். மீட்டர் எண்ணைக் குறைத்து அனுப்புவது ஏமாற்று. முழுவதும் கட்ட இயலாவிட்டால், தாங்கக்கூடிய தவணையை நிறுவனத்திடம் கேட்டுப் பெற வேண்டும். அதற்காக வட்டிக்கு வாங்கிக் கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. அரசு உதவித்தொகை பெறும் குடும்பங்கள் குளிர்காலத்திற்கான 150 பவுண்டு தள்ளுபடி தங்களுக்குக் கிடைத்ததா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, நம் மஸ்ஜித்களின் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆங்கிலக் கடிதத்தைப் பள்ளிப்பிள்ளை வாசித்துச் சொல்லும் வீடுகள் நம்மிடையே பல உள்ளன. மாதம் ஒருமுறை ஜும்ஆவுக்குப் பின் ஒரு மேசை போட்டு, விவரம் தெரிந்த இளைஞர் இருவரை அமர்த்தினால், பல வீடுகளின் பில்கள் ஒரே மணி நேரத்தில் விளங்கிவிடும். ஒரு குடும்பத்தின் மின் கட்டணத்திற்காக ஜகாத் பணத்தைக் கொடுக்கும் முன்னும் அந்தப் பில்லைப் பாருங்கள். அது மதிப்பீட்டின் மிகையாக இருந்தால், ஏழைக்கு உரிய ஜகாத் நிறுவனத்தின் கணக்கில் இருப்பாகப் போய்ச் சேரும். முதலில் கணக்கைத் திருத்துவோம். பிறகு எஞ்சும் உண்மையான சுமையைச் சேர்ந்து சுமப்போம்.

வீண்விரயத்தைத் தவிர்க்கும் வீடுகளாகவும், தன் உரிமையையும் பிறர் உரிமையையும் ஒரே தராசில் நிறுக்கும் வீடுகளாகவும் நம் இல்லங்களை வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக!