வகுப்பு நண்பனுக்குப் புற்றுநோய் என்றால்...



நான் படிவம் 2 படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் வகுப்பு நண்பன் ஒருவன் திடீரென்று பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். முதல் வாரம் டிங்கிக் காய்ச்சல் என்றார்கள். அடுத்த வாரம் "இரத்தத்தில் ஏதோ கோளாறு" என்றார்கள். மூன்றாவது வாரம் ஆசிரியர் ஒருவர் குரலைத் தாழ்த்தி, இரத்தப் புற்றுநோய் என்று சொன்னார். அவர் சொன்ன விதமே எங்களைப் பாதி பயமுறுத்திவிட்டது. அவனைப் பார்க்கப் போகலாமா என்று வீட்டில் கேட்டேன். "ஒட்டிக்கிட்டா என்னய்யா செய்யிறது, போவாத" என்றார் என் பாட்டி. நானும் போகவில்லை. ஏறக்குறைய ஓராண்டு கழித்து அவன் தலையில் தொப்பியோடு திரும்பி வந்தான். சிற்றுண்டிச்சாலையில் அவனுடைய மேசையில் யாரும் உட்காரவில்லை. 'நாம் கேலி ஒன்றும் செய்யவில்லையே' என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

இன்றும் நம் வீடுகளில் பலர் இந்த நோயின் பெயரைச் சொல்வதில்லை. 'அந்த வியாதி', 'பெரிய வியாதி' என்றுதான் பேச்சு. பிள்ளைகளிடம் மறைத்தால் பிள்ளைகள் பயப்பட மாட்டார்கள் என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். உண்மையைச் சொல்லாத இடத்தில் கற்பனை புகுந்துகொள்கிறது, அது உண்மையைவிட மோசமாக இருக்கும். ஆகவே, முதலில் அறிவியலைப் பார்ப்போம்.

பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது இரத்தப் புற்றுநோய். நம் எலும்புகளுக்குள் இருக்கும் மஜ்ஜை ஓர் இரத்தத் தொழிற்சாலை. அங்கே வளர வேண்டிய வெள்ளை அணு ஒன்று, முதிர்ச்சி அடையாமலேயே பெருகத் தொடங்குகிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, இடத்தை எல்லாம் அடைத்துக்கொள்கிறது. சிவப்பணுக்களுக்கு இடமில்லை, ஆகவே முகம் வெளுத்துச் சோர்வு வருகிறது. இரத்தத் தட்டணுக்களுக்கு இடமில்லை, ஆகவே இலேசாக இடித்துக்கொண்டாலும் தோல் கன்றிப் போகிறது. கிருமிகளோடு போராடும் நல்ல வெள்ளை அணுக்களுக்கும் இடமில்லை, ஆகவே காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது.

இதில் ஒட்டிக்கொள்வதற்கு என்ன இருக்கிறது? இது கிருமி அல்ல. உங்கள் நண்பனின் சொந்த உயிரணு. பக்கத்தில் உட்காருவதாலும் ஒரே தட்டில் நாசி லெமாக் சாப்பிடுவதாலும் அது உங்களுக்குள் வந்து குடியேறாது. (கல்லீரல் அழற்சி 'பி' போன்ற சில கிருமிகள் பரவி, பல ஆண்டுகள் கழித்துச் சில புற்றுநோய்களுக்குக் காரணமாகலாம். அங்கேயும் பரவுவது கிருமிதான், புற்றுநோய் அல்ல.) அதிகம் மீ சாப்பிட்டதாலோ, கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கியதாலோ, யாரோ கண் வைத்ததாலோ இது வரவில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏன் வந்தது என்று மருத்துவர்களாலேயே குறிப்பிட்டுச் சொல்ல முடிவதில்லை. அதனால் யாரையும் குற்றம் சொல்லவும் முடியாது. இதை அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கும் யாராவது சொன்னால் நல்லது.

1947-க்கு முன்பு இந்த நோய் வந்த பிள்ளைகள் சில மாதங்களில் இறந்துவிடுவார்கள். அந்த ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் போஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். 16 பிள்ளைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. அந்த மருந்தை உருவாக்கிய குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். நம் பாடநூல்களில் அவர் பெயர் இல்லாதது எனக்கு ஒரு மனக்குறை.

நம் ஊர்க் கதையும் உண்டு. மலேசிய, சிங்கப்பூர் மருத்துவர்கள் 'மா-ஸ்போர்' என்ற கூட்டு ஆய்வைத் தொடங்கினார்கள். சிகிச்சை தொடங்கிய பிறகு மஜ்ஜையில் எத்தனை புற்றணுக்கள் மிச்சம் இருக்கின்றன என்று, பத்தாயிரத்தில் ஒன்று இருந்தாலும் கண்டுபிடிக்கும் அளவுக்கு, மரபணுச் சோதனையால் அளந்தார்கள். மிச்சம் மிகக் குறைவாக இருந்த பிள்ளைகளுக்கு மருந்தின் கடுமையைக் குறைத்தார்கள். குறைத்தும், அந்த ஆய்வில் சேர்ந்த பிள்ளைகளில் ஆறு ஆண்டுகள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 88 விழுக்காட்டினர். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் நடந்த வேலை இது.

88 என்பது 100 அல்ல. இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால்தான், நோயில் இருக்கும் நண்பனிடம் "எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லாதீர்கள் என்கிறேன். உங்களுக்கு அது தெரியாது. நீங்கள் அப்படிச் சொன்னதும் அவன் தன் பயத்தை உங்களிடம் சொல்வதை நிறுத்திவிடுவான். "நீ ஒரு போராளி" என்பதும் எனக்குப் பிடிக்காது. மருந்தால் வாந்தி எடுத்துக்கொண்டு அழும் நாளில், தான் சரியாகப் போராடவில்லையோ என்று அவன் நினைக்கக்கூடும். "என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல, ஆனா கேட்கணும்னு தோணுச்சு" என்று சொல்லுங்கள். அது போதும்.

வேகமாகப் பெருகும் உயிரணுக்களைத் தாக்குவதுதான் வேதிசிகிச்சை மருந்தின் வேலை. முடியின் வேரில் இருக்கும் உயிரணுக்களும் வேகமாகப் பெருகுபவை, ஆகவே அவையும் அடி வாங்குகின்றன. பெரும்பாலும் சிகிச்சைக்குப் பிறகு முடி வளர்ந்துவிடும். வகுப்பே சேர்ந்து மொட்டை போடலாம் என்று உங்களுக்குத் தோன்றலாம். நல்ல எண்ணம்தான். ஆனால், முதலில் அவனைக் கேளுங்கள். எல்லாரும் தன்னையே பார்ப்பதைவிட யாரும் பார்க்காமல் இருப்பதே சிலருக்கு நிம்மதி.

அதே மருந்து நல்ல வெள்ளை அணுக்களையும் குறைக்கிறது. ஆகவே, உங்களுக்குச் சாதாரணமான சளி அவனுக்கு ஆபத்தாகலாம். 38 பாகை காய்ச்சல் வந்தாலே அவன் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும். அவன் நோய் உங்களுக்கு ஒட்டாது, உங்கள் நோய்தான் அவனுக்கு ஒட்டும். என் பாட்டி சொன்னதைத் தலைகீழாகத் திருப்பினால் உண்மை வந்துவிடுகிறது! இருமல் இருந்தால் போகாதீர்கள், புலனத்தில் குரல் பதிவு அனுப்புங்கள். போகும்போது கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அவன் பள்ளிக்குத் திரும்பிய பிறகு உங்களுக்கோ உங்கள் தம்பிக்கோ சின்னம்மை, தட்டம்மை வந்தால் அன்றைக்கே ஆசிரியரிடம் சொல்லுங்கள். அவனுடைய பெற்றோர் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். இது மிக முக்கியம்.

இரத்தத் தட்டணுக்களைச் சேமித்து வைக்கக்கூடியது சுமார் ஐந்து நாள் மட்டுமே. ஆகவே கொடையாளர்கள் தொடர்ந்து தேவை. மலேசியாவில் 17 வயதானவர்கள் பெற்றோரின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு இரத்தம் கொடுக்கலாம். படிவம் 5 அண்ணன்மார்களே, அக்காமார்களே, உங்களைத்தான் சொல்கிறேன்.

இதைப் படிப்பவர்களில் ஒருவருக்கே இந்த நோய் இருக்கலாம். அவருக்கும் ஒரு சொல். மருத்துவர் உங்கள் அம்மா அப்பாவிடம் மட்டும் பேசினால், "எனக்கும் சொல்லுங்க டாக்டர்" என்று கேளுங்கள். கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். கோபம் வரும், பொறாமையும் வரும், எஸ்.பி.எம். என்னாகும் என்ற கவலையும் வரும். எல்லாரிடமும் சொல்ல வேண்டாம், ஒருவரிடம் சொல்லுங்கள். பள்ளியின் ஆலோசக ஆசிரியர், மருத்துவமனையின் சமூகப்பணி அதிகாரி இருவருக்கும் இது அன்றாட வேலை. செலவைப் பற்றி அப்பா இரவில் பேசுவது காதில் விழுந்தால், அந்த அதிகாரியைப் பார்க்கச் சொல்லுங்கள். மலேசியாவில் 1966 முதல் தேசிய புற்றுநோய்ச் சங்கம் இருக்கிறது. சிங்கப்பூரில் 1992 முதல் சிறார் புற்றுநோய் அறநிறுவனம் இருக்கிறது. படிப்பு விட்டுப்போகாமல் இருக்க மலேசியாவின் சில அரசாங்க மருத்துவமனைகளில் 2011 முதல் மருத்துவமனைப் பள்ளிகள் நடக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு திருமணத்தில் என் பழைய நண்பனைப் பார்த்தேன். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். நான் தயங்கித் தயங்கி மன்னிப்புக் கேட்டேன். அவன் சிரித்தான். யார் யார் வரவில்லை என்பது அவனுக்கு நினைவே இல்லையாம். வெள்ளிக்கிழமைதோறும் கணிதக் குறிப்புகளை வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்து, கணித ஆசிரியரைப் பற்றிக் குறைசொல்லிவிட்டுப் போன ஒருவனை மட்டும் நினைவிருக்கிறதாம். "அஞ்சு நிமிஷம்கூட நிக்க மாட்டான்டா" என்றான். அந்தப் பையன் வகுப்பில் என் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவன். அவன் போய் வந்தது அன்றுவரை எனக்குத் தெரியாது.