நெய்வேலிக்கு வரும் 'மொட்டை'ப் பார்சல்கள்! உள்ளே இருப்பது ஊருக்குத் தெரிய வேண்டுமா?

"அக்கா! பக்கத்து வீடு பூட்டியிருக்கு. இந்தப் பார்சலை வாங்கி வெச்சுக்கிறீங்களா?"

நெய்வேலி டவுன்ஷிப்பில் எந்த வட்டத்துக்குப் போனாலும் இந்தக் குரலைக் கேட்கலாம். வீட்டுக்காரர் ஷிப்டில் இருப்பார். வீட்டு அம்மாள் வேலைக்கோ கடைக்கோ போயிருப்பார். பார்சல் பக்கத்து வீட்டுக்குப் போகும்.

பக்கத்து வீட்டுக்காரர் யார்? அவரும் அதே கம்பெனி. சில சமயம் அதே செக்‌ஷன். மேலதிகாரி நாலு தெரு தள்ளிக் குடியிருப்பார். அவர் மகளும் உங்கள் மகளும் ஒரே பள்ளிக்கூடம்.

சென்னையில் எதிர் பிளாட்டில் இருப்பவர் பெயரே பலருக்குத் தெரியாது. அங்கே பெட்டி மேல் என்ன அச்சடித்திருந்தாலும் கேட்பார் இல்லை. நெய்வேலி அப்படி அல்ல. காலையில் வந்த பெட்டி சாயங்காலம் கேண்டீனில் பேச்சாகிவிடும்!

அதனால்தான், பெயர் இல்லாமல், படம் இல்லாமல், வெறும் பழுப்பு அட்டைப் பெட்டியில் அனுப்பும் ஆன்லைன் கடைகளுக்கு இப்படிப்பட்ட ஊர்களில் மதிப்பு இருக்கிறது. மொட்டைக் கடிதாசி என்றால் நமக்குத் தெரியும். இது மொட்டைப் பார்சல். அனுப்பியவர் முகவரி உண்டு. உள்ளே என்ன என்பது மட்டும் வெளியே தெரியாது.

(பழுப்பு நிலக்கரி ஊருக்குப் பழுப்புப் பெட்டி! பொருத்தம்தான்.)

என்ன வாங்குகிறார்கள்?

"ஏதோ தப்பான சாமான்" என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம்.

சானிட்டரி நாப்கின். உள்ளாடை. படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவருக்கு டயபர். முடி கொட்டியவருக்கு விக். மூலத்துக்குக் களிம்பு. கருத்தடை உறை. கர்ப்பம் பார்க்கும் அட்டை.

இதில் எது குற்றம்? ஒன்றும் இல்லை. ஆனால் பெட்டி மேல் அந்தப் பெயர் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தை இல்லாத தம்பதி. கர்ப்பம் பார்க்கும் அட்டை பக்கத்து வீட்டுக்குப் போகிறது. "என்னம்மா, விசேஷமா?" என்று கேட்கிறார்கள். கேட்பவர் ஆசையாகத்தான் கேட்கிறார். பதில் சொல்ல வேண்டியவள் அன்றிரவு தூங்குவாளா?

மனநோய்க்கு மருந்து சாப்பிடுபவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒழுங்காக வேலைக்கு வருகிறார், ஒழுங்காகச் சம்பளம் வாங்குகிறார். மருந்தின் பெயர் ஒருவர் கண்ணில் பட்டால் போதும். அப்புறம் அவர் கொஞ்சம் கோபமாகப் பேசினால்கூட, "ஆளு ஒரு மாதிரி" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

எய்ட்ஸ் கிருமி உள்ளவர்களின் நிலை இதைவிடக் கஷ்டம். அவர்கள் அனுமதி இல்லாமல் நோய் விவரத்தை வெளியே சொல்லக்கூடாது என்று 2017-ல் தனிச் சட்டமே வந்தது. 2018 செப்டம்பர் 10-ந்தேதி அமலுக்கும் வந்தது. டாக்டர் வாயை மூடிக்கொள்கிறார். ஆபீசும் வாயை மூட வேண்டும். பெட்டி பேசிவிட்டால்?

பேப்பர் சுற்றும் வழக்கம்

மறைத்துக் கொடுப்பது நமக்குப் புதிது அல்ல. மெடிக்கல் ஷாப்பில் நாப்கின் கேட்டுப் பாருங்கள். கடைப்பையன் அக்கம்பக்கம் பார்ப்பான். பழைய பேப்பரை எடுத்துச் சுற்றுவான். கறுப்பு கேரி பேக்கில் போட்டு நீட்டுவான். மாலைப் பத்திரிகைக்கு இப்படியும் ஒரு பயன்!

தமிழக அரசு 2012-ல் 'புதுயுகம்' திட்டத்தில் கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்கு நாப்கினை இலவசமாகவே கொடுக்கத் தொடங்கியது. மலிவு விலை நாப்கின் இயந்திரம் கண்டுபிடித்த கோவை முருகானந்தத்துக்கு 2016-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. நாப்கின் மீதிருந்த 12 சதவீத ஜி.எஸ்.டி.யை 2018 ஜூலையில் எடுத்தார்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்கே தடை வந்தது. இத்தனை நடந்தும் பேப்பர் சுற்றுவது முழுசாகப் போகவில்லை.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? மெடிக்கல் ஷாப்பில் இருமல் மருந்தை யாரும் பேப்பரில் சுற்றுவது இல்லை. நாப்கினை மட்டும்தான் சுற்றுகிறார்கள். ஆகவே பேப்பர் சுற்றிய பொட்டலம் என்றாலே அதுதான் என்று தெருவில் போகிற எல்லோருக்கும் தெரியும். மறைப்பதற்குச் சுற்றிய பேப்பரே தண்டோரா போடுகிறது!

ஆன்லைன் கடைகளும் இதே பள்ளத்தில் விழலாம். அந்தரங்கச் சாமான் விற்கும் கடை, "யாருக்கும் தெரியாமல் அனுப்புவோம்" என்று விளம்பரம் செய்யும். எல்லோருக்கும் ஒரே கறுப்புப் பெட்டி, ஒரே டேப் என்று அனுப்பும். நாலு தடவை வந்தால் போதும். ஐந்தாவது தடவை டெலிவரி தம்பியே சிரிப்பான்.

ஆகவே, வெட்கப்படும் சாமானுக்கு மட்டும் மொட்டைப் பெட்டி என்றால் பயன் இல்லை. அரிசி குக்கருக்கும் அதே பெட்டி, புத்தகத்துக்கும் அதே பெட்டி, நாப்கினுக்கும் அதே பெட்டி என்று வர வேண்டும். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் மாதிரி! ஒரே வகை வீடுகள் வரிசையாக இருந்தால், வெளியே இருந்து பார்த்து உள்ளே எத்தனை கட்டில் என்று சொல்ல முடியுமா?

லேகிய காலம்

தபாலில் மூடி வாங்குவது நம் தாத்தா காலத்து சமாசாரம். வி.பி.பி. முறை இந்தியாவில் 1877-ல் வந்தது. தபால்காரரிடம் பணம் கொடுத்துப் பொட்டலத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். பிளிப்கார்ட் 2010-ல் கொண்டுவந்த 'கேஷ் ஆன் டெலிவரி'க்குத் தாத்தா அதுதான்.

பழைய பத்திரிகைகளில் லேகிய விளம்பரங்கள் வரும். ஆண்மைக்கு, மேக நோய்க்கு என்று. தபாலில் ரகசியமாக வரும். பொட்டலத்தைப் பிரித்தால் வெறும் வெல்லப்பாகாக இருந்தாலும், ஏமாந்தவர் எங்கே போய்ப் புகார் கொடுப்பார்? வெளியே சொன்னால் மானம் போகும். இப்படிப்பட்ட விளம்பரங்களைத் தடுக்க 1954-ல் மத்திய அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது.

மொட்டைப் பார்சலின் ஆபத்து இதுதான். வாங்குபவரின் வெட்கம் ஏமாற்றுக்காரனுக்கு முதலீடு!

இப்போது கேள்வி கேட்க வழி இருக்கிறது. 2020-ல் வந்த மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி ஆன்லைன் நிறுவனம் தன் சட்டப்படியான பெயரையும் முகவரியையும் இணையத்தில் காட்ட வேண்டும். புகார் அதிகாரி இருக்க வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்தில் "கிடைத்தது" என்று சொல்ல வேண்டும். ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். பெட்டி மொட்டையாக இருக்கலாம். கடை மொட்டையாக இருக்கக்கூடாது.

காட்டிக் கொடுக்கும் சீட்டு

சரி, பெட்டி வெறுமையாக வந்துவிட்டது. ரகசியம் காப்பாற்றப்பட்டதா? இல்லை!

பெட்டி மேல் ஒட்டிய சீட்டைப் படித்துப் பாருங்கள். பல பார்சல்களில் பில்லும் சேர்ந்தே ஒட்டியிருக்கும். அல்லது கண்ணாடிக் கவரில் மடித்து வைத்திருப்பார்கள். பொருளின் பெயர், எண்ணிக்கை, விலை எல்லாம் அதில் இருக்கும். பெட்டியை மொட்டை அடித்துவிட்டு நெற்றியில் எழுதி ஒட்டிய கதை!

வியாபாரிகளைக் கேட்டால், "ஜி.எஸ்.டி. சட்டப்படி சரக்கோடு பில் போக வேண்டுமே" என்பார்கள். உண்மைதான். ஆனால் ஊர் படிக்கிற மாதிரி வெளியே தெரிய வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. எழுத்து உள்பக்கம் இருக்கும்படி மடித்து வைத்தால் முடிந்தது. விலை, தயாரிப்பாளர் பெயர் எல்லாம் உள்ளே இருக்கும் பாக்கெட்டில் இருக்கும். வெளி அட்டைப் பெட்டியில் விளம்பரம் போடுவது கடைக்காரர் ஆசை, கட்டாயம் அல்ல. பாட்டரி, சென்ட் போன்றவை விமானத்தில் போகும்போது எச்சரிக்கைச் சீட்டு வேண்டும். அது வேறு விஷயம்.

போலீஸ் தரப்பில் ஒரு கேள்வி வரும். மொட்டைப் பெட்டியில் கஞ்சா வந்தால்? நியாயமான கேள்வி. ஆனால் கஞ்சா அனுப்புகிறவன் பெட்டி மேல் எழுதியா அனுப்புவான்? போலீசுக்கு வேண்டியது அனுப்பியவர் யார் என்ற கணக்கு. அது கூரியர் கம்பெனியிடம் இருந்தால் போதும். பக்கத்து வீட்டு அம்மாளிடம் இருக்க வேண்டியது இல்லை.

அதே சீட்டில் இன்னொரு வம்பும் உண்டு. பெயர், வீட்டு நம்பர், செல்போன் நம்பர் மூன்றும் ஒரே இடத்தில்! பெட்டியைப் பிரித்ததும் அப்படியே குப்பையில் போடுகிறோம். "உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப் பொருள் இருக்கிறது. நாங்கள் போலீஸ் பேசுகிறோம்" என்று மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்களுக்கு வேறு என்ன வேண்டும்? 'டிஜிட்டல் கைது' என்று பெயர் வைத்து அவர்கள் செய்யும் மோசடி பற்றிப் பிரதமர் மோடியே 2024 அக்டோபரில் வானொலியில் எச்சரித்தார். அப்படி போன் வந்தால் 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

சில நிறுவனங்கள் வாங்குபவரின் செல் நம்பரை மறைத்து, டெலிவரி ஆளைக் கம்பெனி நம்பர் வழியாகவே பேச வைக்கின்றன. எல்லோரும் செய்யக்கூடியதுதான். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24-ந்தேதி தீர்ப்பு சொன்னார்கள். தனிநபர் விவரங்களைக் காக்கும் சட்டம் 2023-ல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியக் கடமைகளுக்கு மேலும் 18 மாதம் அவகாசம் கொடுத்தார்கள். டெல்லியில் இருந்து நெய்வேலிக்குப் பார்சல் வருகிற வேகத்தில் சட்டம் வருவது இல்லை!

வாங்குபவர் அதுவரை செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. ஆர்டர் போடும்போதே பெட்டி எப்படி வரும் என்று கடையைக் கேட்கலாம். வீட்டில் ஆள் இல்லாத நாளில் வந்தால், பக்கத்து வீட்டில் கொடுக்காமல் மறுநாள் கொண்டுவரச் சொல்லலாம். தபாலில் வருவதாக இருந்தால், தபால் ஆபீசிலேயே வைத்திருந்து நேரில் வாங்கிக்கொள்ளும் பழைய வசதி இருக்கிறது. நைட் ஷிப்டு முடிந்து தூங்கி எழுந்து, கவுண்ட்டர் மூடுவதற்குள் போய்விட வேண்டும். அவ்வளவுதான்.

பெட்டியைக் குப்பையில் போடும் முன் அந்தச் சீட்டைக் கிழித்துவிடுங்கள். பசை விடாவிட்டால் கொஞ்சம் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் வந்துவிடும்.