ஆலயக் கதவும் பழமைப் பற்றும்

விழுப்புரத்திற்கு அருகிலுள்ள மேல்பாதி கிராமத்தில் ஸ்ரீ தர்மராஜா திரௌபதி அம்மன் ஆலயம் ஒன்று இருக்கிறது. 2023-ம் வருஷம் ஏப்ரல் மாதத்துத் திருவிழாவின்போது ஆதி திராவிட வாலிபர்கள் சிலர் தரிசனத்திற்காக உள்ளே சென்றார்கள், அடிபட்டுத் திரும்பினார்கள். அதன் பின்னர் சமாதானப் பேச்சுகள் பல நடந்தன. ஒன்றும் பலிக்கவில்லை. அவ்வருஷம் ஜூன் 7-ந் தேதியன்று அதிகாரிகள் ஆலயத்தைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். 2024 மார்ச்சில், சென்னை ஹைகோர்ட்டின் உத்தரவை அனுசரித்து, அர்ச்சகர் மாத்திரம் உள்ளே சென்று பூஜை செய்துவிட்டு வர வழி ஏற்பட்டது. கதவு சகலருக்கும் திறக்கப்பட்டது 2025 ஏப்ரல் 17-ந் தேதிதான். அதுவும் போலீஸ் பந்தோபஸ்துடன். ஆதி திராவிட மக்கள் உள்ளே சென்று அம்மனைத் தரிசித்தார்கள். ஜாதி இந்துக்களோ அன்று பெரும்பாலும் ஒதுங்கியே நின்றார்கள்.

நடந்தது இவ்வளவே. ஆனால் ஒதுங்கி நின்றார்களே, அவர்கள் சொல்லும் நியாயம் என்ன என்பதை நாம் அலட்சியம் செய்வதற்கில்லை. "இது எங்கள் முன்னோர் வகுத்த வழக்கம், வழக்கத்தை மாற்ற வெளியாருக்கு என்ன அதிகாரம்?" என்பதே அவர்களுடைய கேள்வி. இந்தக் கேள்வி மேல்பாதிக்கு மாத்திரம் உரியதன்று. தெய்வ நம்பிக்கை, குடும்ப ஒழுக்கம், முன்னோர் மரபு ஆகியவற்றைக் காப்பதே தங்கள் இலட்சியம் என்று சொல்லும் கட்சிகள் இன்று உலகெங்கும் பலம் பெற்று வருகின்றன. அமெரிக்காவில் ரிபப்ளிகன் கட்சி அந்தக் கொடியைப் பிடித்துக்கொண்டே 2025 ஜனவரியில் மறுபடியும் அதிகாரத்தில் அமர்ந்தது. அதற்கு முன்னரே, 2022 ஜூன் 24-ந் தேதியன்று, கருச்சிதைவு உரிமை பற்றிய 1973-ம் வருஷத் தீர்ப்பை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பழமைப் பற்றாளர்கள் அரை நூற்றாண்டு காலம் பாடுபட்டுப் பெற்ற வெற்றி அது.

அவர்களுடைய கவலைகள் யாவும் பொய்யென்று நாம் சொல்லமாட்டோம். குடும்பம் சிதறுவதும், பணமே பிரதானமாவதும், பெரியோரிடம் மரியாதை குன்றுவதும் நம் தேசத்திலும் நல்லோர் மனத்தை வருத்தும் விஷயங்களே. மரபு என்பது பல தலைமுறையினரின் அநுபவத்திலிருந்து திரண்ட விவேகம். அதை ஒரே நாளில் வெட்டி எறிபவன் புத்திசாலியல்லன். ஆனால் மரபுக்குள் விவேகம் மாத்திரமா குடியிருக்கிறது? அகங்காரமும் அதே வீட்டில்தான் குடியிருக்கிறது. எது விவேகம், எது அகங்காரம் என்று பிரித்தறியத் தெரியாத பழமைவாதம் எங்கே போய் முடியும் என்பதற்கு அமெரிக்காவின் சரித்திரத்திலேயே சாட்சியம் உண்டு.

அந்நாட்டின் தென் மாகாணங்களில் ஸதர்ன் பாப்டிஸ்ட் என்ற பெரிய கிறிஸ்தவ சபை ஒன்று இருக்கிறது. 1845-ல் அது வடக்கத்திச் சகோதரர்களிடமிருந்து ஏன் பிரிந்தது? அடிமைகளை வைத்திருப்பவர்கள் மத ஊழியர்களாகப் போகலாமா என்ற தகராறினால்தான். அடிமைத்தனம் சரியென்று அவர்கள் வேதத்திலிருந்தே ஆதாரம் காட்டினார்கள். அடிமைத்தனம் ஒழிந்த பிறகும், கறுப்பருக்கு வேறு பள்ளி, வேறு இருக்கை, வேறு கோயில் என்ற ஏற்பாட்டையும் "எங்கள் வழக்கம்" என்றே சொன்னார்கள். 1953-ல் சாட்டனூகா நகரில் பில்லி கிரஹாம் என்ற பிரசித்தி பெற்ற பிரசாரகர் தமது கூட்டத்தில் வெள்ளையரையும் கறுப்பரையும் பிரித்துக் கட்டியிருந்த கயிற்றைத் தம் கையாலேயே அகற்றினார். அவர் நாஸ்திகரல்லர், புரட்சிக்காரருமல்லர். பழமைப் பற்றாளர்களுக்கெல்லாம் குருவாக விளங்கியவர். கடைசியில் 1995-ல்தான், சபை தோன்றி 150 வருஷங்கள் கழித்து, அந்தச் சபையார் தங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு பகிரங்கமாக மன்னிப்புக் கோரித் தீர்மானம் நிறைவேற்றினார்கள். இந்த 150 வருஷ காலத்தில் அந்தச் சபை காத்தது கிறிஸ்துவின் தர்மத்தையா, தோட்ட முதலாளிகளின் சௌகரியத்தையா?

நமது ஜில்லாவுக்குத் திரும்புவோம். செஞ்சிச் சீமையே திரௌபதி வழிபாட்டின் தாயகம் என்பது நேயர்கள் அறிந்ததே. பாரதப் பிரசங்கமும், இரவெல்லாம் நடக்கும் தெருக்கூத்தும், படுகளமும், தீமிதியும் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு வெறும் வேடிக்கையல்ல. அந்த மரபை ஊன்றிப் பார்ப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் இருக்க முடியாது. திரௌபதி அம்மன் ஆலயங்கள் பலவற்றில் அம்மனுக்குக் காவலாக நிற்கும் முத்தால் ராவுத்தன் ஒரு முஸ்லிம்! அந்நிய மதத்தவனைத் தன் வாசலில் காவலனாக ஏற்றுக்கொண்டவள், தன்னை வணங்கவரும் தன் ஊர்க்காரனை உள்ளே வராதே என்றாளா? சபை நடுவே அவமானப்பட்ட ஒரு ஸ்திரீயின் துயரத்தைப் பல நாள் பாரதம் வாசித்துக் கேட்கிறோம், துச்சாதனனைச் சபிக்கிறோம், அந்த மேடைக்கு நாலடி தள்ளி நின்று இன்னொருவனை அவமானப்படுத்துகிறோம். இதில் எது முன்னோர் வழக்கம், எது பின்னோர் சேர்த்த அழுக்கு?

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் 1895-ல் பிறந்தவர் ஸ்ரீ ஓ. பி. ராமசாமி ரெட்டியார். 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக இருந்தவர். விவசாயி, தேசபக்தர், தெய்வபக்தியோ சொல்லுந்தரமன்று. ஸ்ரீ ரமண மகரிஷியிடமும் வடலூர் வள்ளலாரிடமும் ஆழ்ந்த பற்றுடையவர். பழமைப் பற்று என்ற சொல்லுக்கு உருவம் கொடுத்தால் அது ஓமந்தூராரைப் போலவே இருக்கும். அப்படிப்பட்டவருடைய ஆட்சியிலேதான் 1947-ம் வருஷத்து ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறியது. தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் வந்ததும் அதே வருஷத்தில்தான். மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் 1948 அக்டோபர் 2-ந் தேதியோடு விஸ்தரிக்கப்பட்டது. ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டமும் 1948-ம் வருஷத்தியதே.

இந்தப் பட்டியலை இன்றைய அரசியல் பாஷையில் எந்தப் பக்கத்தில் எழுதுவது? மதுவிலக்கு என்றால் பழமைவாதம் என்கிறார்கள். ஜமீன் ஒழிப்பு என்றால் முற்போக்கு என்கிறார்கள். ஓமந்தூராருக்கு இரண்டும் ஒன்றே. கள்ளுக்கடையும் ஜமீனும், பொட்டுக்கட்டும் வழக்கமும் சாத்தப்பட்ட கோயில் கதவும் தர்மத்துக்கு விரோதம் என்பதே அவர் கண்ட உண்மை. நிர்வாகத்தில் கட்சிக்காரர்களின் தலையீட்டை அவர் பொறுத்துக்கொள்ளவில்லை. ஆகவே பதவியும் நீடிக்கவில்லை. பிறகு வடலூர் சென்று வள்ளலார் பணியில் ஈடுபட்டார், 1970-ல் காலமானார். பதவி போனபின் தெய்வத்தைத் தேடுகிறவர்கள் அநேகர். தெய்வத்தை முன்னிட்டே பதவியை நடத்தியவர் அவர்.

1939-ல் ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் செய்ததையும் இங்கே நினைவுகூர வேண்டும். மதுரை மீனாக்ஷி ஆலயத்தில் ஸ்ரீ வைத்தியநாதய்யர் ஜூலை 8-ந் தேதி ஆலயப் பிரவேசம் நடத்தியதும், அதற்குத் துணைநின்றவர்களைக் கோர்ட் வழக்குகளிலிருந்து காப்பாற்ற ராஜாஜியின் மந்திரிசபை சட்டம் செய்தது. அதே ராஜாஜிதான் 1959-ல் சுதந்திராக் கட்சியை ஸ்தாபித்து, நம் நாட்டில் பழமைப் பற்றுக்கு ஒரு கௌரவமான அரசியல் உருவம் கொடுக்க முயன்றவர். அக்கட்சி 1967 தேர்தலில் லோக் சபையில் 44 ஸ்தானங்களைப் பெற்றது. அவர் மறைந்த இரண்டு வருஷத்திற்குள் வேறொரு கட்சியில் கரைந்தும் போயிற்று. அதனுடைய பொருளாதாரக் கொள்கையில் நமக்குப் பல ஆக்ஷேபங்கள் உண்டு. ஆயினும் அதன் ஸ்தாபகர் ஆலயக் கதவைத் திறந்தவர்களின் பக்கம் நின்றவர் என்பதை, இன்று அவர் பெயரைச் சொல்லிக்கொள்ளும் பழமைவாதிகள் மறந்துவிடக்கூடாது.

1947-ம் வருஷத்துச் சட்டம் கோர்ட்டுகளிலும் சோதனைக்குள்ளாயிற்று. தென் கன்னட ஜில்லா மூல்கியிலுள்ள வேங்கடரமண ஆலயத்தார், தங்கள் கோயில் ஒரு தனிச் சமூகத்தாருக்கே உரியதென்று வழக்காடினார்கள். 1957-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று: சமூகத்தாருக்கென்று சில விசேஷச் சடங்குகள் இருக்கலாம், ஆனால் பொது ஆலயத்தின் கதவைச் சகல இந்துக்களுக்கும் திறந்துவிடும் அதிகாரம் அரசியல் சாசனத்தில் மேலோங்கி நிற்கிறது. ஓமந்தூராருடைய சட்டம் அன்றே நிலைபெற்றுவிட்டது. அவர் பிறந்த ஊருக்கு வெகு தூரத்தில் இல்லாத ஓர் ஆலயத்தில் அது அமலுக்கு வர 2025 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று!

இன்னொரு விஷயத்தை மனம் நோகாமல் கேட்கும்படி மேல்பாதியின் ஜாதி இந்துப் பெரியோர்களை வேண்டுகிறோம். அவர்களில் பெரும்பான்மையோர் வன்னியர். 1987 செப்டம்பரில் வன்னியர் சமூகம் இட ஒதுக்கீட்டிற்காக நடத்திய கிளர்ச்சியில் 21 பேர் உயிர்நீத்தார்கள். அவர்களுக்கு 2025 ஜனவரியில் விழுப்புரத்தில் மணிமண்டபம் திறக்கப்பட்டது. "எங்களைத் தள்ளி வைக்காதீர்கள், எங்கள் பங்கைத் தாருங்கள்" என்பதைத் தவிர அந்த 21 பேர் வேறு எதைக் கேட்டார்கள்? மணிமண்டபம் திறந்து மூன்று மாதத்திற்குள், அதே ஜில்லாவில், அதே வார்த்தைகளை வேறொரு சமூகம் சொன்னபோது அது எப்படி மரபுக்கு விரோதமாகிவிடும்?

இந்தத் தகராறில் கட்சிகள் நடந்துகொண்ட முறையைப் பற்றி அதிகம் எழுதுவதற்கில்லை. வோட்டுக் கணக்குப் போடுகிறவர்கள் இரு பக்கமும் புண்படாத பாஷையில் பேசுவார்கள். ஆதி திராவிடர்களின் பக்கம் வெளிப்படையாக நின்றவர்கள் சிலரே. மதத்தைக் காப்போம் என்று முழங்குகிறவர்களிடம் நமக்கு ஒரே கேள்விதான். இந்து தர்மத்திற்கு ஆபத்து வருகிறதென்று அவர்கள் கூட்டம் போடும்போதெல்லாம், ஒரு அம்மன் ஆலயம் 2023 ஜூன் முதல் 2024 மார்ச் வரை விளக்கின்றிக் கிடந்ததே, அந்த ஆபத்துக்காக எத்தனை கூட்டம் போட்டார்கள்?

சர்க்காரின் மீதும் நமக்குக் குறை உண்டு. சட்டம் ஒருவன் பக்கம் இருக்கும்போது, கலகம் வரும் என்று அஞ்சி இருவரையும் வெளியே நிறுத்திப் பூட்டுப் போடுவது சமாதானமன்று. அடித்தவனையும் அடிபட்டவனையும் சமமாக வைப்பதாகும். போலீஸ் பந்தோபஸ்து கதவைத் திறக்கும். பக்கத்தில் நிற்பவனை அது நகர்ந்து இடங்கொடுக்கச் செய்யாது. ஆகையால் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துத் தேச ஊழியர்கள் கச்சேரி வாசலிலும் கோர்ட்டு வாசலிலும் செலவிடும் நேரத்தில் பாதியையாவது ஊர்த் தெருவிலே செலவிட வேண்டும். சேரியில் கூட்டம் போடுவது சுலபம். அங்கே நம்மை எதிர்ப்பவர் இல்லை. பேச வேண்டிய இடம் ஊர்த் திண்ணை. அங்கேயுள்ள பக்தர்களிடம் நாஸ்திகம் பேசிப் பயனில்லை. ஓமந்தூராரின் பெயரைச் சொல்லி, முத்தால் ராவுத்தனைக் காட்டி, அவர்களுடைய பாரதத்தைக் கொண்டே அவர்களோடு வாதாட வேண்டும்.

திருவிழாவிற்கு முன்னதாக ஊர்ப் பெரியவர்கள் கூடித் தலைக்கட்டு வரி போடுவது நமது கிராமங்களில் வழக்கம். வரி கொடுத்தவன் விழாவுக்குச் சொந்தக்காரன். கொடுக்க விடப்படாதவன் அந்நியன். வரி நோட்டுடன் வருகிறவர்கள் இனிமேல் சேரியின் வீட்டு வாசலிலும் நின்று பெயர் எழுதிக்கொள்கிறார்களா என்பதையே நாம் கவனித்து வருவோம்.