சயனைடு மேட்டுத் தங்கம் யாருக்கு?

தங்கம் பாறையில் மட்டுமா கிடைக்கிறது? கொட்டிய கழிவு மண்ணிலும் இருக்கிறது. கோலார் தங்கவயலைப் பாருங்கள்.

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே கால் வைத்தது. வட ஆற்காட்டிலிருந்து பிழைக்கப் போன தமிழ்க் கூலிகள் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கிப் பாறை வெட்டினார்கள். அதை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தார்கள். பிரியாமல் நின்ற துகள் மண்ணோடு வெளியே போயிற்று. இன்று அது 13 மேடுகள், சுமார் 3.3 கோடி டன்! டன்னுக்கு ஒரு கிராம் கூடத் தேறாது. ஆனாலும் லாபக்காரன் கண் அதன்மேல். ஏன்? வெட்டுகூலி இல்லை, அரைகூலி இல்லை. அந்த வேலையைத் தொழிலாளி முன்பே செய்துவிட்டான். கூலியோடு நுரையீரலில் கல்தூசியும் வாங்கிக்கொண்டான்.

நஷ்டம் என்று சொல்லி 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். 2024 ஜூனில் இந்த மேடுகளில் தங்கமெடுக்கும் மத்திய சர்க்கார் யோசனைக்குக் கர்நாடக மந்திரிசபை இசைந்தது. எடுக்கட்டும், பொதுத்துறையே எடுக்கட்டும்! காற்றடித்தால் அந்த மேட்டுத் தூசியைத் தின்பவை தொழிலாளர் குடும்பங்கள். முதல் வேலை அவர்கள் பிள்ளைகளுக்கு. குடியிருக்கும் வீடு அவர்களுக்கே சொந்தம். தூசிக்குத் தடுப்பு, நோய்க்கு வைத்தியம். இதை எழுதித் தராமல் ஒரு கூடை மண்ணும் அசையக் கூடாது!