சக்தியா? யுக்தியா?



வீடியோ கேம் கன்சோல் பற்றிப் பேச்சு எழுந்தாலே நம் ஹாஸ்டலில் வரும் முதல் கேள்வி, "எத்தனை டெராஃப்ளாப்ஸ் மச்சி?" என்பதுதான். பிராசஸர், மெமரி, கிராஃபிக்ஸ் என்று பட்டியல் போட்டுத் தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். விளையாட்டு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதே இல்லை! என் கட்சி வேறு. சக்தி வேண்டும்தான், ஆனால் ஜெயிப்பது யுக்தி. சும்மா சொல்லவில்லை, சரித்திரமே சாட்சி.

1989-ல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 'கேம் பாய்' என்ற கையடக்க கன்சோலை வெளியிட்டது. அதன் இதயம் ஓர் 8 பிட் பிராசஸர். வேகம் சுமார் 4.19 மெகாஹெர்ட்ஸ். இன்டெல் 8080, ஸைலாக் இசட்-80 இரண்டின் ஜாடையும் அதற்கு உண்டு. அதாவது, நம் மைக்ரோபிராசஸர் லேபில் இருக்கும் 8085 கிட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி! திரையில் கலர் கிடையாது. நான்கே நான்கு ஷேடுகள். பின்னொளியும் இல்லை.

அதே 1989-ல் அடாரியின் லிங்க்ஸ், 1990-ல் சேகாவின் கேம் கியர், இரண்டுமே பளபளக்கும் கலர்த் திரையோடு வந்து இறங்கின. ஸ்பெசிஃபிகேஷனை மட்டும் பார்த்தால் கேம் பாய் அன்றே மூட்டை கட்டியிருக்க வேண்டும். நடந்தது என்ன? கேம் கியர் 6 பேட்டரிகளை 3 முதல் 5 மணி நேரத்தில் விழுங்கியது. கேம் பாயோ 4 பேட்டரியில் சுமார் 15 மணி நேரம் ஓடியது. விலையும் குறைவு. கூடவே டெட்ரிஸ்! விழும் கட்டைகளை அடுக்கும் விளையாட்டுக்குக் கலர் எதற்கு? கேம் பாயும் அதன் கலர் வாரிசும் சேர்ந்து 11 கோடிக்கு மேல் விற்றன. கேம் கியர் சுமார் 1 கோடியோடு நின்றுவிட்டது.

கேம் பாயை உருவாக்கிய குழுவின் தலைவர் கும்பெய் யோகோயி. 1965-ல் அவர் அந்த நிறுவனத்தில் சேர்ந்தது விஞ்ஞானியாக அல்ல. சீட்டுக்கட்டு தயாரிக்கும் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலைக்கு! 'மெயின்டனன்ஸ் பசங்கதானே' என்று நம்மை இளக்காரமாகப் பார்ப்பவர்கள் கவனிக்க. பழகிப்போன, மலிவான தொழில்நுட்பத்தைப் புதுக் கோணத்தில் பயன்படுத்துவதே அவர் கொள்கை.

"அப்போ ஹார்டுவேரே வேண்டாமா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. 1996-ல் மரியோ முப்பரிமாண உலகில் சுதந்திரமாக ஓடியாட, நின்டெண்டோ 64-ன் சக்தி தேவைப்பட்டது. வெறும் புதுமையும் சோறு போடாது. அதே யோகோயியின் வெர்ச்சுவல் பாய், கறுப்பில் சிவப்பு மட்டுமே காட்டியது. தலைவலி, கண்வலி என்று புகார்கள் வந்தன. 1995-ல் வந்த அது 8 லட்சம்கூட விற்காமல் ஒரே வருடத்துக்குள் நிறுத்தப்பட்டது. எனவே யுக்தி என்றால் புதுசாக எதையாவது செய்வது அல்ல. ஆடுகிறவனுக்கு என்ன தேவை என்று யோசிப்பது. 2006-ல் வந்த வீ கன்சோல் அதைத்தான் செய்தது. கையை வீசினால் போதும், பந்து உருளும். தாத்தா பாட்டியும் ஆடலாம். ஹெச்.டி. படம்கூட இல்லாத அது 10 கோடிக்கு மேல் விற்றது. அதே ஆண்டு வந்த, பலமடங்கு சக்தி கொண்ட பிளேஸ்டேஷன் 3 சுமார் 8.7 கோடிதான்.

சரி, இதில் நமக்கென்ன? இருக்கிறது நண்பர்களே! ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் என்றதும், "லேப் பழசுடா, நல்ல போர்டு இல்லைடா" என்று புலம்புகிறோம். ஆடத் தெரியாதவள் முற்றம் கோணல் என்ற கதைதான். பிறகு பளபளப்பான ரெடிமேட் ப்ராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கி, வைவாவில் திருதிருவென முழிக்கிறோம். அப்பாவின் ஒரு மாதச் சம்பளம் அதில் போகிறது. நமக்கு மிஞ்சுவது ஒரு ரெக்கார்டு நோட்டு.

அந்தப் பழைய கிட்டையே எடுங்கள். யாருக்கு, எதற்கு என்று முதலில் கேளுங்கள். பிறகு சால்டரிங் அயர்னைச் சூடேற்றுங்கள். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம். டிப்ளமோக்காரனுக்கு 8085 போதாதா என்ன?